ஏழாம் அட்டவணை

டிசம்பர் 2, திங்கள்

இரண்டு மாத உழைப்புக்கு இன்று பலன். புன்னைத்துறையில் கட்டப்போகும் கடற்கரை ஹோட்டலுக்குப் பணம் போடுகிற ஐரோப்பிய நிதி நிறுவனம் என் அறிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஹோட்டல் மேனேஜர் வைரவன் சார் போனில் சொன்னார். "செண்பகவல்லி மேடம், ஏழாம் அட்டவணை ரொம்பத் தெளிவா இருக்குன்னு அங்க பாராட்டியிருக்காங்க."

ஏழாம் அட்டவணை என்பது கடற்கரையை யார், எத்தனை பேர், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை. ஆறு நாள், காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மணலில் நின்று நானே எண்ணியது. தொழில் செய்வோர்: பூஜ்யம். பொழுதுபோக்குக்கு வந்தோர்: சராசரி பதினான்கு. அத்தனையும் கிரிக்கெட் ஆடுகிற பயல்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் சும்மா பணம் போட்டுவிடுவதில்லை. அந்த ஊர் மக்களின் பிழைப்புக்குக் கெடுதல் வருமா, கடலுக்கும் மண்ணுக்கும் கெடுதல் வருமா என்று முதலில் விசாரிக்க வேண்டும், அது அவர்கள் கடமை. அந்த விசாரணைக்குத்தான் என்னை வைத்தார்கள். ஹோட்டலுக்கு முன்னால் இருக்கும் கரை முழுவதையும் வேலி போட்டு ஆமைகள் முட்டையிடும் காப்பிடமாக்க வேண்டும் என்பதும் அவர்கள் போட்ட நிபந்தனை. நல்ல காரியம். யாருக்கும் தொந்தரவில்லை என்று என் அட்டவணை சொல்கிறது.

என் தொழில் ரகசியம் ஒன்றை எழுதி வைக்கிறேன். மற்ற சர்வேக்காரர்கள் செவ்வாய், புதன் என்று போய்ப் பூட்டிய கதவுகளைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். நான் ஞாயிறு மட்டும் போனேன். புன்னைத்துறை கத்தோலிக்க ஊர், ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் கரை, பூசை முடிந்து ஆட்கள் வந்ததும் வீடுகள். ஒரே நடையில் இரண்டு வேலையும் முடிந்தது. பதினோரு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா.

பிப்ரவரி ஒன்றாம் தேதி முதல் ஹோட்டலில் நிரந்தர வேலை என்றும் சார் சொன்னார். நாற்பத்தொரு வயதில் என் முதல் நிரந்தர வேலை. கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அழுதாள். நானும்தான்.

டிசம்பர் 5, வியாழன்

ஸ்கூட்டர் ஹாரன் வேலை செய்யவில்லை. ஆடுகளைப் பார்த்து நானே கத்திக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

காப்பிடத்துக்கு வேலி எங்கே வரும் என்று பார்க்க, காலை ஏழு மணிக்கு நில அளவையரோடு கரைக்குப் போனேன். கரையில் கூட்டம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு, நடுவே அறுநூறு மீட்டராவது இருக்கும். கயிற்றுக்கு முப்பது பேர் என்று ஆண்களும் பெண்களும் காலை மணலில் ஊன்றிப் பின்னால் நடந்து நடந்து இழுத்தார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்தது. மீன் சேரும் பையான மடி கரையேறும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள். மடி நிறைய சாளை மீனும் காரல் மீனும். பார்க்க அழகாக இருந்தது. போட்டோ எடுத்தேன்.

"இது தெனமும் நடக்குமா மேடம்?" என்று நில அளவையர் கேட்டார்.

தெரியாது என்றேன்.

வரும் வழியில் மிக்ஸி ஜாரைக் கடையில் கொடுத்தேன். நாளை வா என்றான். எந்த நாளை என்று கேட்டேன். அவன் சிரிக்கிறான். ஒரு வேலையைச் செய்கிறவன் அதை ஒழுங்காகச் செய்யவேண்டாமா? இந்த ஊரில் எவனுக்கும் பொறுப்பில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

ஏழாம் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முறைப்படிதான் இருக்கிறது. இடம், நேரம், தேதி எல்லாம் போட்டிருக்கிறேன். படிவத்தில் தேதிதான் கேட்டிருந்தார்கள். கிழமை கேட்கவில்லை.

கரையில் நாலு வள்ளம் கிடந்ததையும் ஒன்பதாம் அட்டவணையில் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

வேறு ஏதோ பேசுவதுபோல் வைரவன் சாரிடம் சொன்னேன். "சார், அங்க கரைவலை இழுக்காங்க."

"தெரியும் மேடம். வந்த புதுசுல நானும் பாத்தேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடினார். காரைக்குடியில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிறார். தானே சமைத்து, மீதியைக் காவலாளிக்கு வைப்பார். கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது.

"அட்டவணையில பூஜ்யம்னு இருந்துச்சு. ஏன்னு நான் கேக்கல. நீங்க எழுதுனது, நீங்க கையெழுத்துப் போட்டது. இப்ப அதைக் கிளறுனா பணம் நின்னுடும். ஹோட்டல் வந்தா எண்பது பேருக்கு வேலை மேடம், அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான். வள்ளம் போய்வர நூறு மீட்டர் வழி விடுறோம். போதாதா?"

எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. நூறு மீட்டர் சின்ன இடமா? எங்கள் தெருவே அவ்வளவு நீளம் இல்லை.

டிசம்பர் 25, புதன்

பிலோமி அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கெடுக்கப் போனபோது எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவர் அவர். ஐம்பது வயது. வடக்குக் கயிற்றில் முதல் ஆள் அவர்தான். அவர் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் இழுப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நோட்டும் பேனாவுமாகத் திரிந்ததால் என்னை ஊரே டீச்சர் என்கிறது. எனக்குப் பிடிக்காது. சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை.

கோழிக்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார். "வேலி வருதாம்லா டீச்சர். நூறு மீட்டர் பாதை உடுவாவளாம்."

"ஆமாக்கா. வள்ளம் போகலாம், வரலாம்."

"வள்ளம் போயிரும். வலைய எங்கன கூடி இழுக்க? ரெண்டு கயிறும் தள்ளித் தள்ளி நிக்கணும், வலை வர வரத்தான் நெருங்கணும். இல்லன்னா மீன் பூராம் ரெண்டு பக்கமும் ஓடிரும். நூறு மீட்டர்ல வலைய இழுக்கச் சொல்லுதது, சேலைய பொத்தான் ஓட்டைக்குள்ள கூடி இழுக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு."

நாலு வலை இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை முறை வைத்து இழுக்கிறார்கள். எழுபது குடும்பம் இதில் சாப்பிடுகிறது. விசைப்படகுக்குப் போக முடியாத வயதானவர்கள், புருஷன் இல்லாத பெண்கள், பிலோமி அக்காவைப் போல. எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் படிவத்தில் இருந்த நாற்பத்திரண்டு கேள்விகளையும் கேட்டேன். கயிறு எப்படி இழுப்பீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"ஆனா எனக்குப் பயம் இல்ல. நீங்கதான் எங்க ஊரு ஆளுகள ஒண்ணு விடாம எண்ணி எழுதியிருக்கியள. வெள்ளக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் பிலோமி அக்கா.

குழம்பு ருசியாக இருந்தது. இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.  

ஜனவரி 3, வெள்ளி

வடக்கு ஓரத்தில் முதல் பதினைந்து சிமெண்ட் தூண் நட்டுவிட்டார்கள். மிக்ஸி ஜார் வந்துவிட்டது. மூடி மாறிப்போயிருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

நிதி நிறுவனத்திலிருந்து இங்க்ரிட் என்ற அம்மாள் நேரில் பார்க்க வருகிறார். மனித உரிமைக் கடமைகள் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலையாம். ஊர்க்காரர்களோடு பேச நான்தான் மொழிபெயர்ப்பு. அவர் பார்த்துச் சரி என்றால் அடுத்த தவணை வரும், மீதி வேலியும் எழும்பும்.

எப்போது வருகிறார் என்று கேட்டேன்.

"பத்தொம்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை" என்றார் வைரவன் சார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான்தான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன். ஞாயிறுன்னா எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

சரி சார் என்றேன்.

 மறைத்துப் பிரயோஜனமில்லை, இது என் நாட்குறிப்புதானே. எனக்குத் தெரியும். டிசம்பரில் அந்த வியாழக்கிழமை கயிற்றைப் பார்த்த நிமிஷமே தெரியும். ஆறு நாளும் ஞாயிறு. பூசைக்குப் போன ஊரின் கரையில் நின்றுகொண்டு, இங்கே யாரும் வேலை செய்வதில்லை என்று எண்ணியிருக்கிறேன். அவசரத்தில் செய்த தப்பு. ஆனால் அது தப்பு என்று தெரிந்து நாலு வாரம் ஆகிறது. இந்த நாலு வாரத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஜனவரி 14, செவ்வாய்

கோவில்பட்டியில் பொங்கல். அம்மா எனக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டதாகத் தெரு முழுவதும் சொல்லிவைத்திருக்கிறாள். எதிர்வீட்டு அத்தை வந்து, "இனி ஊர் ஊரா அலைய வேண்டாம்லா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் அத்தை என்றேன்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள், பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 18, சனி

தலைக்குச் சாயம் பூசினேன். பச்சைக் காட்டன் சேலையை இஸ்திரி போட்டேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இங்க்ரிட் அம்மாள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். கரை துடைத்துவைத்ததுபோல் கிடந்தது. பயல்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எவ்வளவு அமைதி என்று ஆங்கிலத்தில் சொன்னார். வைரவன் சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பூசை முடிந்து பத்து மணிக்கு ஊர்க்காரர்கள் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். பிலோமி அக்கா முன்னால் நின்றார். ஆமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இங்க்ரிட் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஆமை எங்களுக்கு எதிரியா? மடிக்குள்ள வந்தா அத மொதல்ல தூக்கி வெளிய உட்டுட்டுத்தான் மீன அள்ளுவோம். அது முட்டையிட வாரது ராத்திரி. நாங்க வலை இழுக்கது பகல்ல. ராத்திரி ஆமைக்கு, பகல் எங்களுக்கு. இத்தன வருசமும் அப்படித்தான் நடக்கு. ராத்திரி பூராம் லைட்டு போடப்போறது ஓட்டல்காரவதான். குஞ்சு வெளிச்சத்தப் பாத்துக் கடலுக்குப் போகாம ரோட்டுக்குப் போயிரும். வேலிய எங்களுக்குப் போடாதிய, அந்த லைட்டுக்குப் போடுங்க."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இங்க்ரிட் எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து என் அறிக்கையை எடுத்தார். ஏழாம் அட்டவணையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. மரியாதையாகத்தான் கேட்டார். பகலில் வலை இழுப்பதாக இவர் சொல்கிறார், ஆறு நாள் எண்ணியும் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லையே, அது ஏன் என்று இவரிடமே கேளுங்கள் என்றார்.

அதை நான் பிலோமி அக்காவிடம் கேட்க வேண்டும். கேட்டேன். 

பிலோமி அக்கா என்னையே பார்த்தார். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். காப்பி டம்ளரோடு நான் உட்கார்ந்திருந்த ஞாயிறுகளை எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். கோபப்படவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"எங்கிட்ட எதுக்குக் கேக்காவ? டீச்சர்ட்ட கேக்கச் சொல்லுங்க. அவியதானே எண்ணுனாவ."

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அந்த மணலில் இரண்டே பேர், நானும் வைரவன் சாரும். நான் என்ன சொல்லியிருந்தாலும் அவர் பேசாமல் இருந்திருப்பார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  எனக்கு அம்மா ஞாபகம் வந்தது, எதிர்வீட்டு அத்தை ஞாபகம் வந்தது. பிப்ரவரி ஒன்றுக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது என்ற எண்ணம்கூட வந்தது. அந்த நேரத்தில் மனசு இவ்வளவு கேவலமாக வேலை செய்யும் என்று நான் நினைத்ததில்லை.

"டீச்சரிடம் கேட்கச் சொல்கிறார், எண்ணியவர் அவர்தான் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

யார் அந்த டீச்சர் என்று கேட்டார் இங்க்ரிட்.

நான்தான் என்றேன். பிறகு நிறுத்தமுடியவில்லை. எண்ணிய ஆறு நாளும் ஞாயிறு. ஞாயிறு இவர்கள் கடலில் இறங்குவதில்லை, அது எனக்கு முன்பே தெரியும். வீட்டில் ஆள் இருக்கும் என்றுதான் அந்தக் கிழமையில் வந்தேன், அதே நாளில் கரையையும் எண்ணி முடித்துவிட்டேன். மற்ற ஆறு நாளும் இங்கே வலை இழுக்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். டிசம்பர் பன்னிரண்டாம் தேதியே பார்த்தேன், இன்றுதான் சொல்கிறேன். அந்தப் பூஜ்யம் தப்பு. போனில் இருந்த போட்டோவையும் காட்டினேன்.

இங்க்ரிட் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்றும் ஞாயிறுதானே என்றார். ஆமாம் என்றேன். அவர் வைரவன் சார் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.

பிறகு நான் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, சொன்னதையெல்லாம் தமிழில் திரும்பச் சொன்னேன். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பின்னால் இருந்து ஒருத்தி, "அப்போ நாங்க உசிரோட இருக்கதே அவியளுக்குத் தெரியாதா?" என்றாள். பிலோமி அக்கா வீட்டுக்கு நடந்தார்.

ஜனவரி 20, திங்கள்

நிதி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மறுபடி எண்ணி முடிக்கும் வரை தவணை நிறுத்தம், வேலி வேலையும் நிறுத்தம். புதிய கணக்கு பன்னிரண்டு நாள், எல்லாக் கிழமையும். எந்த நாள் என்பதை ஊர்க்காரர்களே சொல்ல வேண்டும். இரவு வெளிச்சத்தைக் குறைக்கவும் ஹோட்டலிடம் திட்டம் கேட்டிருக்கிறார்கள். எண்ணுகிற வேலை எனக்கில்லை. நியாயம்தான்.

வைரவன் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். "ஆர்டர் வராது மேடம்."

"தெரியும் சார்."

"ஞாயித்துக்கிழமையக் கேட்டு வாங்குனது நான்னு நீங்க சொல்லிருக்கலாமே."

"அதை உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தானே சார்."

 அந்த நாளைக் கேட்டது தான்தான் என்று நேற்று ராத்திரி அவரே இங்க்ரிட்டுக்கு எழுதிவிட்டாராம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். அவர் வேலை என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். நானும்தான் என்றேன்.

ஜனவரி 22, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் என்னைத் திட்டினாள், பிறகு ஹோட்டல்காரனைத் திட்டினாள், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

என் பழைய நோட்டுகளைப் புதிதாக எண்ண வந்திருப்பவரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து இம்மாக்குலேட் என்ற பெண் வந்திருந்தார். கையில் எண்ணுகிற கருவி, ஒவ்வொரு ஆளுக்கும் அதன் பொத்தானை ஒரு தட்டு. நோட்டைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. வலை போட்டுவிட்டு வள்ளம் திரும்பிக்கொண்டிருந்தது.

பத்து நாளாகப் பிலோமி அக்கா என்னோடு பேசவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன், இரண்டு தடவையும் உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. இன்று வடக்குக் கயிற்றின் தலைப்பில் நின்றார். அவருக்குப் பின்னால் வழக்கமாக நிற்கிற பெண்ணுக்குக் காய்ச்சலாம், அந்த இடம் காலியாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சும்மாதான நிக்கிய. வந்து பிடிங்க."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தேன். ஈரக் கயிறு, உப்பு, மணல். நாலு இழுப்பில் உள்ளங்கை எரிந்தது. நான் எட்டு வைத்தால் மற்றவர்கள் நிற்கிறார்கள், அவர்கள் வைத்தால் நான் நிற்கிறேன். பின்னால் இருந்த கிழவர் சிரித்தார். பிலோமி அக்கா திரும்பாமலேயே, "என் குரலக் கேட்டு இழுங்க" என்றார். அவர் குரலைக் கேட்டேன். பிறகு கொஞ்சம் சரியாக வந்தது.

இம்மாக்குலேட் கயிற்றோரமாக நடந்து ஒவ்வொருவருக்கும் கருவியைத் தட்டிக்கொண்டு வந்தார். என்னையும் பார்த்தார், எனக்கும் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தார்.

"வடக்குக் கயிறு முப்பத்தொண்ணு" என்று சத்தமாகச் சொல்லி எழுதப்போனார்.

"முப்பது. என்னைக் கழிச்சிருங்க. எனக்கு இது பிழைப்பு இல்ல, நான் கணக்குல வரமாட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி, பிலோமி அக்காவைப் பார்த்தார். பிலோமி அக்கா வலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு இழுப்பு இழுத்து, காலை ஊன்றி நின்று, அப்புறம்தான் சொன்னார்.

"அவிய சொல்லுதது சரிதான். முப்பதுன்னே எழுதுங்க." பிறகு என்னிடம், "டீச்சர், ஒங்கள எண்ண வேண்டாம். ஆனா கயித்த மட்டும் உட்றாதிய."

மடி கரையேற இன்னும் அரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் கையை எடுக்கவில்லை.